லினக்ஸில் கேசட் இரைச்சலைக் குறைக்க

ஆச்சி பாடிய தாலாட்டுக் கேசட்டுகளை லினக்ஸ் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். எந்த மென்பொருள் நல்லது என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ஆடாசிட்டியில் தொடங்குங்கள். 2000-இல் வெளிவந்த கட்டற்ற ஒலித் தொகுப்பு மென்பொருள், இந்த வேலைக்கு நான் இன்றும் நம்புவது அதைத்தான்.

குரலே இல்லாமல் ‘உஸ்’ மட்டும் கேட்கும் ஓரிரு வினாடியைத் தேர்ந்தெடுத்து இரைச்சல் மாதிரியாகக் கொடுக்க வேண்டும். அப்புறம் முழுப் பதிவிலும், ஒவ்வொரு அலைவெண்ணிலும் அந்த மாதிரியின் அளவுக்குள் அடங்கும் ஒலியை ஆடாசிட்டி தணிக்கும். தணிப்பை 12 டெசிபெல்லோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பேராசைப்பட்டு 30 வரை ஏற்றினால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். கொஞ்சம் இரைச்சல் மிச்சம் இருந்தால் இருக்கட்டும், பாடுபவரின் மூச்சு அழியக் கூடாது. அசல் பதிவைத் தொடாமல் தரம் குறையாத ஃபிளாக் (FLAC) கோப்பாகத் தனியே வைத்துவிடுங்கள்.

ஆர்என்நாய்ஸ் (RNNoise) என்ற இரைச்சல் நீக்கும் கருவி பேச்சுக்காகப் பயிற்சி பெற்றது. ஃபேன் சத்தத்துக்கு நடுவே எடுத்த பேட்டிக்கு அருமை, பாட்டுக்கு வேண்டாம். ஆர்டர் (Ardour) என்ற ஒலிப்பதிவு மென்பொருள் பல தடங்களைக் கலப்பவர்களுக்கு. கோப்புகள் குவிந்து கிடந்தால், கட்டளை வழியாக ஒலிக்கோப்புகளைக் கையாளும் சாக்ஸ் (SoX) போதும். டெர்மினலில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி வரிசையாக ஓட்டலாம். ஆனால் ஒவ்வொரு கேசட்டுக்கும் இரைச்சல் மாதிரியைப் புதிதாகத்தான் எடுக்க வேண்டும்.