கோடை விடுமுறையில் ஒரு நாவலின் நடுப்பகுதி

தமிழ்ப் பதிப்புலகின் ஆண்டுக் கணக்கு சென்னைப் புத்தகக் காட்சியில்தான் முடிகிறது. அது பொங்கலை ஒட்டி நடப்பதால், ஜனவரியில் நூல் வெளிவர வேண்டுமென்றால் மெய்ப்பு, அட்டை, அச்சு ஆகியவற்றுக்கெல்லாம் இடம் விட்டு அக்டோபருக்குள்ளாவது பிரதி பதிப்பாளர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். இடையில், ஆடி ஆவணியிலேயே தீபாவளி மலர்களுக்குக் கதை கேட்கத் தொடங்கிவிடுவார்கள். இந்தக் கணக்கைப் பின்னாலிருந்து போட்டுக்கொண்டு வந்தால், நாவலின் நடுப்பகுதியை எழுத வேண்டிய மாதங்கள் ஏப்ரலும் மேயும் என்று வந்து நிற்கும். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறையும் அப்போதுதான்.

நாங்கள் இருப்பது மதுரையில். மீனாட்சி திருக்கல்யாணம், தேரோட்டம், சித்ரா பௌர்ணமியன்று அழகர் ஆற்றில் இறங்குவது என்று சித்திரைத் திருவிழா நடக்கும் நாட்களில் உறவினர் வருகை இல்லாத வீடு இந்த ஊரில் குறைவு. நாத்தனாரும் அவருடைய பிள்ளைகளும் திருவிழாவுக்கு வந்தால் அக்னி நட்சத்திரம் முடியும் வரை தங்குவது எங்கள் வீட்டு வழக்கம். அதில் எனக்கு வருத்தமில்லை. என் பிள்ளைகளுக்கு ஆண்டு முழுவதும் நினைத்துப் பேசுவதற்கு அந்த நாட்களே இருக்கின்றன. ஆனால் எழுதுகிற ஒருத்திக்கு அந்த நாட்களில் மேசை கிடைப்பதில்லை, மேசை கிடைத்தால் தனிமை கிடைப்பதில்லை.

சென்ற கோடைக்கான ஏற்பாட்டைப் பங்குனியிலேயே தொடங்கினேன். முதலில் செய்தது, வேலைகளை இரண்டாகப் பிரித்தது. இடையில் யாராவது கூப்பிட்டால் அறுந்துபோகும் வேலை ஒரு வகை. எத்தனை முறை எழுந்து போய் வந்தாலும் விட்ட இடத்தில் தொடரக்கூடியது இன்னொரு வகை. புதிதாக அத்தியாயம் எழுதுவது முதல் வகை. மெய்ப்புப் பார்ப்பது, கையால் எழுதியதைத் தட்டச்சு செய்வது, மொழிபெயர்ப்பைத் திருத்துவது ஆகியவை இரண்டாம் வகை. முதல் வகைக்கு விடியற்காலை நான்கரை மணியிலிருந்து ஆறரை வரை மட்டும் ஒதுக்கினேன். மற்றவை பகலில் கிடைக்கும் இடைவெளிக்கு. அந்த இரண்டு மணி நேரத்தில் அடுத்து என்ன என்று யோசித்துக்கொண்டிருக்க முடியாது என்பதால், நடுப்பகுதியின் காட்சிகளை முன்கூட்டியே ஒவ்வொரு வரியாக ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். நான் எழுதும் மாதாந்தரப் பத்தியின் கோடை மாதத் தவணைகளை மார்ச்சிலேயே ஆசிரியருக்கு அனுப்பிவிட்டேன். நூல் மதிப்புரை கேட்டவர்களிடம் ஜூனில் தருவதாகச் சொன்னேன், ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை.

நேரத்தை ஒதுக்குவதைவிட, எழுத்தை வீட்டார் வேலையாக ஏற்பதுதான் கடினம். நான் பார்த்தவரை, பெண் எழுத்தாளர்களுக்குத் தனி அறை கிடைத்தாலும் இது தானாகக் கிடைத்துவிடுவதில்லை. கணவர் கணக்கர், மார்ச் முடியும் வரை அவரிடம் எதுவும் பேச முடியாது. ஏப்ரல் பிறந்ததும், மொழிபெயர்ப்பில் வரும் தொகையே பிள்ளைகளின் வேன் கட்டணத்துக்குப் போகிறது என்பதைச் சுட்டிக்காட்டி, காலைக் காப்பியும் சிற்றுண்டிக்கான ஆயத்தமும் அவர் பொறுப்பு என்று பேசி முடித்தோம். மாமியார் இந்தப் பேச்சில் கலந்துகொள்ளவில்லை. ஆனால் சில நாள் கழித்துத் தொலைபேசியில் யாரிடமோ, "அவ எழுதிக்கிட்டு இருக்கா, அப்புறமாப் பேசச் சொல்றேன்" என்று அவர் சொன்னது காதில் விழுந்தது. அதற்குப் பிறகு நாத்தனார் பிள்ளைகள்கூடக் காலையில் என் அறைப் பக்கம் வரவில்லை.

இந்த ஏற்பாட்டுக்கு நேரெதிரியாக வந்தது வடாம். ஜவ்வரிசிக் கூழைக் கிண்டி, வெயில் ஏறுவதற்குள் மாடியில் நனைத்த வேட்டியை விரித்துப் பிழிந்துவிட வேண்டும். அதாவது, என் எழுத்து நேரமும் வடாம் நேரமும் ஒன்றே. வடாம் போடும் நாட்களில் எழுதுவதில்லை என்று முடிவு செய்து, அதை வாரத்துக்கு ஒன்றாகச் சுருக்கும்படி மாமியாரிடம் கேட்டுக்கொண்டேன். காக்கை விரட்டும் காவல் பிள்ளைகளுக்கு. மாடிப்படி நிழலில் ஆளுக்கொரு புத்தகத்துடன் உட்கார்ந்தால் கைப்பேசி கேட்கக் கூடாது என்பது நிபந்தனை. காக்கைகள் கொஞ்சம் தின்றன என்பதையும், பெரியவன் ஒரு துப்பறியும் தொகுதியை முழுதாக முடித்தான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

என் வாசிப்பையும் கோடைக்கு ஏற்ப மாற்றிக்கொண்டேன். தடித்த நாவல்களைத் தொடவில்லை. பகல் உறக்கத்துக்குப் பிள்ளைகள் படுக்கும் வரை ஒரு சிறுகதையோ கட்டுரையோ முடியும். அந்த அளவே போதுமென்று தொகுப்புகளாக எடுத்தேன். இரவில் மொட்டை மாடியில் பாய் விரித்து எல்லோருக்கும் உரக்க வாசித்ததில் எனக்கு எதிர்பாராத லாபம் கிடைத்தது: உரையாடல் எங்கே நீள்கிறது என்பதைக் கேட்கிறவர்களின் கொட்டாவி காட்டிக்கொடுத்தது. மறுநாள் என் அத்தியாயத்தையும் அப்படியே வாசித்துப் பார்த்து, இரண்டு பக்கங்களை வெட்டினேன்.

வீட்டில் மின்தடை என்றால் நூலகம். புது நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு இருப்பதால், பிள்ளைகளையும் நாத்தனாரையும் அங்கே அமர்த்திவிட்டு நான் வேறு தளத்தில் மெய்ப்புப் பார்க்க முடிந்தது. சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால் போக்குவரத்துச் செலவும் பெரிதாக இல்லை. குளிரூட்டப்பட்ட இடம் என்பதே நாத்தனாருக்கு முதல் கவர்ச்சி. இரண்டாம் முறை போனபோது அவரே சமையல் நூல்களைத் தேடி எடுத்துக்கொண்டார்.

வைகாசி முகூர்த்தங்களுக்கு என்னிடம் விடை இல்லை. அழைப்பிதழ் வந்தால் போய்த்தான் ஆக வேண்டும். இரவு வரவேற்புக்குப் போய் வந்த மறுநாள் நான்கரை மணிக்கு எழுவது என்னால் ஆகாத காரியம். அந்த நாட்களைத் திட்டத்திலிருந்து முன்கூட்டியே கழித்துவிட்டு, தட்டச்சு வேலையை மட்டும் வைத்துக்கொண்டேன். கைப்பேசியில் பேசித் தமிழில் பதிவு செய்யும் வசதி அதற்கு உதவியது. லகர ளகர ழகரப் பிழைகளைப் பிறகு திருத்த வேண்டியிருந்தாலும் விரல்களுக்கு ஓய்வு.

ஜூனில் பள்ளி திறந்தபோது நடுப்பகுதியின் முதல் வரைவு பெரும்பாலும் முடிந்திருந்தது; ஒரு அத்தியாயம் மட்டும் வெறும் குறிப்பாக நின்றது. அதைப் பள்ளி நேரத்தில் எழுதிச் சேர்த்துப் பிரதியை அக்டோபருக்கு முன்பே பதிப்பாளருக்கு அனுப்பினேன். வரும் கோடையிலும் விடியற்காலை நேரம் அப்படியே தொடரும். வடாம் எந்தக் கிழமை என்பதை மட்டும் மாமியாரிடம் இன்னும் பேசி முடிக்கவில்லை.