வன்னிக் காட்டில் எலி எண்ணுதல்

வடக்குக் காடுகளுக்குப் போய் வந்தேன் என்று வெள்ளவத்தையில் யாரிடம் சொன்னாலும், யானை கண்டீர்களா, சிறுத்தை கண்டீர்களா என்றுதான் கேட்கிறார்கள். எலி பிடித்தேன் என்றால் பேச்சு அத்தோடு முடிந்துவிடுகிறது. ஆனால் அந்தக் காட்டில் ஆந்தையும் புடையன் பாம்பும் இரவில் வயிறு வளர்ப்பது எலி, சுண்டெலி, மூஞ்சூறு ஆகியவற்றை நம்பித்தான். இவற்றைப் பொறுத்தவரை மலைநாட்டை அறிந்த அளவுக்கு வடக்கை நாம் அறியவில்லை என்பதே என் எண்ணம். தேயிலைத் தோட்டத் துரையாக இருந்த டபிள்யூ. டபிள்யூ. ஏ. பிலிப்ஸ், ஒஹியாவில் கிடைத்த எலியொன்றை 1929 இல் புதிய இனமாக விவரித்தார். இலங்கைப் பாலூட்டிகள் பற்றிய அவருடைய நூலைக் கொழும்பு நூதனசாலை 1935 இல் வெளியிட்டது. வன்னியிலோ 2009 வரை போர், அதன்பின் மிதிவெடி.

வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி கையில் இல்லாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது. அனுமதி கிடைத்தபின் தேவைப்படுவது ஷேர்மன் பொறி எனப்படும், மடித்துப் பையில் அடுக்கக்கூடிய அலுமினியப் பெட்டி. உள்ளே நுழையும் விலங்கு தட்டை மிதித்ததும் கதவு மூடிவிடும். பாலையும் வீரையும் நிற்கும் காட்டில், வேரடியிலும் விழுந்த மரத்தின் ஓரத்திலுமாக, பத்து மீற்றருக்கு ஒன்றாக வரிசையில் வைப்போம். வெளிநாட்டுக் கையேடுகள் நிலக்கடலை வெண்ணெயை இரையாகச் சொல்லுகின்றன. சுட்ட தேங்காய்த் துண்டும் சிறிது கருவாடும் அதைவிட மலிவு, வாசமும் தூரம் போகும், எறும்பும் கூடவே வரும். மாலையில் திறந்த பொறிகளை விடியற்காலையிலேயே பார்த்து மூடிவிட வேண்டும், ஏனெனில் வெயில் ஏறினால் அந்த அலுமினியத்துக்குள் அகப்பட்ட உயிர் வெந்துபோகும். “தம்பி, எலி பிடிக்கவோ கொழும்பிலயிருந்து வந்தனீங்கள்?” என்று மடுப் பக்கத்தில் ஒரு ஐயா கேட்டார். ஓம் ஐயா என்றதும், தன் வயல் வரம்பில் வேண்டிய அளவு பிடிக்கலாம் என்று அன்போடு அழைத்தார்.

கதவு மூடிய பொறியைக் கையில் எடுத்தால் எடையிலேயே ஓரளவு தெரிந்துவிடும், ஆயினும் உள்ளே பாம்பு இருக்கக்கூடும் என்பதால் முதலில் மெல்லத் திறந்து பார்ப்பதே வழக்கம். பொறியின் வாயில் துணிப்பையைப் பொருத்திச் சரித்தால் விலங்கு பைக்குள் இறங்கும். வில்தராசில் பையோடு நிறுத்து, பையின் எடையைக் கழிக்கிறோம். வெள்ளெலி என்றால் பெரிய கருவிழிகளும், உடலைவிட நீண்டு நுனியில் கருங்குஞ்சம் வைத்த வாலும் உடனே காட்டிக்கொடுக்கும். அந்த வாலை நுனியில் பிடித்தால் தோல் உரிந்து கையோடு வந்துவிடும் என்பதால் அடியில்தான் பிடிக்க வேண்டும். பின்னங்காலைக் குதியிலிருந்து நகம் நீங்கலாக விரல் நுனிவரை அளந்து, இடுப்பில் சிறிது மயிரைக் கத்தரித்து அடையாளமிட்டு, பிடித்த இடத்திலேயே விடுகிறோம். எலிக்காய்ச்சல் உள்ள நாட்டில் கையுறை இல்லாமல் இதைச் செய்வது வீரம் அல்ல.

மூஞ்சூறு வகையில் மிகச் சிறியது ஏறத்தாழ இரண்டு கிராம்தான். அதன் பாரத்துக்குப் பொறியின் தட்டு அசையாது. அதற்கு வாளியை நிலமட்டத்துக்குப் புதைத்து, இருபுறமும் தாழ்ந்த தகரமோ பொலித்தீனோ வேலியாக நட்டு, அதன் ஓரமாக ஓடிவருவதை உள்ளே விழச் செய்ய வேண்டும். மூஞ்சூறு சில மணிநேரம் உண்ணாதிருந்தாலே இறந்துவிடும் என்பதால் வாளிகளை இரவிலும் பலமுறை பார்க்க வேண்டும். யானை நடமாடும் காட்டில் அது இயலாத இடங்களில் வாளி புதைக்கவே கூடாது. தரவு குறைந்தால் குறையட்டும்.

இவ்வளவும் செய்து எழுதப்படும் அறிக்கைகளில் வெறும் பெயர்ப்பட்டியலைக் காணும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது. ஐம்பது பொறியை நான்கு இரவு வைத்தால் இருநூறு பொறி-இரவு. ஆறு விலங்கு அகப்பட்டால் நூற்றுக்கு மூன்று. அந்த இருநூறைக் குறிக்காமல் ஓரினம் அங்கே இல்லை என்று எழுதினால், தேடிக் கிடைக்கவில்லையா, தேடவே இல்லையா என்று படிப்பவர் அறிய வழியில்லை. குரங்கு தட்டிவிட்டோ எறும்பு ஏறியோ கதவு மூடி, வெறுமையாகக் கிடக்கும் பொறிக்கு அரை இரவைக் கழிப்பதும் வழக்கம், ஏனெனில் அது எப்போது மூடியது என்று யாருக்கும் தெரியாது. ஆகவே களக்குறிப்பேட்டில் விலங்கின் பெயருக்கு முன்பாக, திறந்த பொறி எத்தனை, மூடி வெறுமையாய்க் கிடந்தது எத்தனை, காணாமற்போனது எத்தனை என்ற மூன்று நிரல்களையும் அன்றன்று காலையிலேயே நிரப்பிவிடுங்கள்.