பேட்டரி இல்லாத தொடு உணரி

ஆய்வகத்தில் இப்போது என் பிழைப்பே ஜெல்லோடுதான். பாலிவினைல் ஆல்கஹால் என்ற, தண்ணீரில் கரையும் பாலிமரின் கரைசலை உறையவைத்து இளக்கி எடுத்தால், நுங்கு போல வழவழவென்று ஒரு துண்டு கிடைக்கும். அப்புறம் அதை லித்தியம் குளோரைடு கரைசலில் ஊறப்போடுவேன். மின்சாரத்தைக் கடத்துவது அந்த உப்பின் அயனிகள்தான். இரண்டு சிலிக்கோன் ஏடுகளுக்கு நடுவே வைத்து மூடி, ஒரு கம்பியை வெளியே விட்டால் உணரி (சென்சார்) தயார்.

விரல் பட்டதும் சிலிக்கோன் எதிர்மின்னூட்டம் பெறுகிறது. விரலை எடுக்கும்போது ஜெல்லில் அயனிகள் இடம்மாற, கம்பியில் ஒரு மின்துடிப்பு. 2012இல் விஞ்ஞானி ஜோங் லின் வாங் குழு அறிமுகப்படுத்திய உராய்வு மின்னாக்கியின், அதாவது தொட்டு விலகும் அசைவிலிருந்து மின்சாரம் எடுக்கும் கருவியின், அதே தத்துவம். வோல்ட் நன்றாகவே எகிறும், மின்னோட்டம் மட்டும் மைக்ரோ ஆம்பியர் கணக்கு. போன் சார்ஜ் ஆகுமா என்று கேட்காதீர்கள்!

பெரிய தலைவலி, ஜெல் காய்வது. லித்தியம் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுத்துப் பிடிப்பதால் கொஞ்சம் தாங்குகிறது. கிளிசரினும் உதவும், ஆனால் கூடினால் கடத்தல் குறைகிறது.