ரிப்போர்ட்டின் பின்பக்கம்

ஞாயிறு பின்னேரங்களில் நாங்கள் நாலு பேர் வெள்ளவத்தை மரைன் டிரைவில், ரயில் பாதையைப் பார்த்தபடி ஒரு கட்டின் மேல் போய் உட்காருவோம். பத்து வருஷத்துக்கு மேலாகிறது இந்தப் பழக்கம். முன்பு கிரிக்கெட், கனடாவுக்குப் போனவர்கள், யார் வீட்டில் என்ன விசேஷம் என்று கதை போகும். ஐம்பதைத் தாண்டிய பிறகு எங்களிடம் மிஞ்சியது இரண்டே விஷயம், எலெக்சனும் வருத்தமும். வாத்தியாருக்குச் சீனி, வங்கிக்காரனுக்கு பிரஷர், எனக்கு முழங்கால். பார்மசிக்காரனுக்கு ஒன்றுமில்லை, அவனுக்கு எங்களைப் பார்த்தாலே கவலை.

எங்களுடைய எலெக்சன் கணிப்புகளின் தரம் பற்றி முதலில் சொல்லிவிடவேண்டும். 2024 செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் இரண்டாம் விருப்பு வாக்கு எண்ணுகிற அளவுக்குப் போகவே போகாது என்று நான் அடித்துச் சொன்னேன். அநுர குமார திசாநாயக்கவுக்கு 42 வீதம்தான் வந்தது, பாதியைத் தாண்டாததால் நாட்டின் வரலாற்றிலேயே முதல் தடவையாக இரண்டாம் விருப்பை எண்ணினார்கள். நவம்பரில் பாராளுமன்றம். யாழ்ப்பாணத்தில் திசைகாட்டிக்கு, அதாவது அநுரவின் தேசிய மக்கள் சக்திக்கு, ஒரு ஆசனம் கிடைத்தாலே பெரிய விஷயம் என்று வாத்தியார் சொன்னான், ஆறில் மூன்று எடுத்தார்கள். அப்படியிருந்தும் அடுத்த ஞாயிறு அதே கட்டின் மேல் அதே நம்பிக்கையோடுதான் உட்கார்ந்தோம்.

போன வருஷம், அதாவது 2025 ஜூனில், எங்களுக்கிருந்த தலையாய பிரச்சினை கொழும்பு மாநகர சபை. மே 6ஆம் திகதி தேர்தல் நடந்து, மொத்தம் 117 பேரில் திசைகாட்டிக்கு 48, டெலிபோனுக்கு (ஐக்கிய மக்கள் சக்தி) 29, யானைக்கு (ஐக்கிய தேசியக் கட்சி) 13 என்று வந்து, பெரும்பான்மைக்கு வேண்டிய 59 யாருக்கும் இல்லை. மிச்சம் 27 பேர் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்பதுதான் மாதம் முழுக்கக் கதை. ஜூன் 16 திங்கட்கிழமை மேயர் தெரிவு. அதற்கு முதல் நாள் ஞாயிறு, கடல் குமுறிக்கொண்டிருந்தது, மழை வரும் போல இருந்தது, ஆனாலும் ஒருவரும் வராமல் இருக்கவில்லை.

வங்கிக்காரனும் வந்தான். அதுதான் விஷயம். போசன் போயாவுக்கு அடுத்த நாள் புதன்கிழமையிலிருந்து அவனுக்குக் காய்ச்சல். ஒரு தனியார் கிளினிக்கில் காட்டியதற்கு வைரஸ் காய்ச்சல் என்று சொல்லி அன்டிபயோட்டிக்கும் கொடுத்துவிட்டிருந்தார்கள் (வைரஸுக்கு ஏன் அன்டிபயோட்டிக் என்று அவனும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை). வீட்டில் கொத்தமல்லி அவித்துக் குடித்தான், பனடோல் போட்டான். அந்த மாதங்களில் கொழும்பில் சிக்குன்குன்யா வேறு பரவிக்கிடந்தது, எங்கள் லேனிலேயே மூன்று வீட்டில் படியிறங்க முடியாமல் ஆட்கள் இருந்தார்கள். சனிக்கிழமை இரவு போன் எடுத்து, "மூட்டெல்லாம் கழன்று விழுகிற மாதிரி இருக்கு மச்சான்" என்றான். "சிக்குன்குன்யாதான், யோசிக்காதே" என்று சொல்லிவிட்டு, என் முழங்காலுக்கு வாங்கி வைத்திருந்த டைக்ளோபினாக் மாத்திரையில் இரண்டை மகனிடம் கொடுத்தனுப்பினேன்.

இதை எழுதும்போது கை கூசுகிறது. ஏனென்றால் 2017இல், நாடு முழுவதும் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு வந்த அந்த வருஷத்தில், என் மகளும் ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். காய்ச்சல் என்றால் டெங்கு இல்லை என்று தெரியும்வரை பனடோலைத் தவிர வேறு நோவு மாத்திரை தொடக்கூடாது, இரத்தம் கசியும் என்று எனக்கு அப்போது படித்துப் படித்துச் சொன்னார்கள். எட்டு வருஷத்தில் எல்லாம் மறந்து, லேனில் மூன்று வீட்டை வைத்து நானே டாக்டராகிவிட்டேன்.

ஞாயிறு காலையில் வங்கிக்காரனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டதாம். "சுகம் மச்சான், கொஞ்சம் களைப்பு மட்டும்தான்" என்று வந்து உட்கார்ந்தவன், கணக்குப் போடக் கடதாசி வேண்டுமென்று சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பின்பக்கம் எழுதத் தொடங்கினான். 29ம் 13ம் 42, இன்னும் 17 பேர் வந்தால் எதிர்க்கட்சிக்கு மேயர், அந்தப் பதினேழு பேரும் இன்னார் இன்னார் என்று. நானும் வாத்தியாரும் தலையைக் கொடுத்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வாத்தியார் 19 என்றான், நான் 15 என்று வாதாடினேன், குரல்கூட உயர்ந்துவிட்டது.

பார்மசிக்காரன் ஒன்றும் பேசாமல் அந்தத் தாளை வாங்கி மறுபக்கம் திருப்பினான். அன்று காலை எடுத்த இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். இரத்தத்தை உறையவைக்கிற பிளேட்லெட் 82,000க்கு இறங்கியிருந்தது. நாளைக்கு டாக்டரிடம் காட்டலாம் என்று அதைப் பையில் மடித்து வைத்திருந்திருக்கிறான்.

"கடைசியாக எப்ப மூத்திரம் போனனீ?"

வாத்தியார் சிரித்துவிட்டான். வங்கிக்காரன் யோசித்து, "விடிய" என்றான். மணி அப்போது ஐந்தரை. பார்மசிக்காரன் அவன் கையைப் பிடித்துப் பார்த்தான். எனக்கும் பிடிக்கச் சொன்னான். ஐஸ் மாதிரி இருந்தது. வயிறு நோகிறதா என்று கேட்டதற்கு, மத்தியானத்திலிருந்து கொஞ்சம் இருக்கு, இரண்டு தரம் சத்தியும் எடுத்தேன், காஸ்டிரிக்காக இருக்கும் என்றான். எங்கள் பார்மசிக்காரன் கெட்ட வார்த்தை பேசுகிற ஆள் இல்லை. அன்றைக்குப் பேசினான். டெங்குவில் காய்ச்சல் விடுகிற நேரத்தில்தான் இரத்த நாளத்திலிருந்து நீர் கசியத் தொடங்கும், அந்த ஒன்றிரண்டு நாள்தான் ஆளைக் கொண்டுபோகும், நீ சுகம் என்று கடற்கரைக்கு வந்திருக்கிறாய் என்று கத்தியபடியே ஆட்டோவை மறித்தான்.

களுபோவில ஆஸ்பத்திரிக்குப் போனோம். வேறு ஏதும் மருந்து எடுத்தாரா என்று அங்கே இளம் டாக்டர் ஒருவர் சிங்களத்தில் கேட்டார். "இல்லை" என்றார் அவனுடைய மனைவி. நான் எச்சில் விழுங்கிவிட்டு, இரண்டு டைக்ளோபினாக் என்றேன். டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவனுடைய மனைவியும் ஒன்றும் சொல்லவில்லை. "அண்ணா, நீங்கள் வீட்டுக்குப் போங்கோ, நேரமாகுது" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த இரண்டு நாளும் மணித்தியாலத்துக்கு ஒரு தரம் என்ன குடித்தான், எவ்வளவு மூத்திரம் போனது என்று அளந்து எழுதினார்கள். மகளுக்கு நடந்தபோதே எனக்குத் தெரியும், அந்த நேரத்தில் நீர் குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் நெஞ்சில் கோத்துவிடும் ஆபத்து. சொந்தக்காரர் ஒருவர் பப்பாசி இலைச் சாற்றைப் போத்தலில் கொண்டுவந்து தாதியிடம் பேச்சு வாங்கினார். தம்பிலி இளநீர்கூட அளந்துதான் கொடுத்தார்கள். பிளேட்லெட் 26,000 வரை இறங்கி, புதன்கிழமை திரும்பியது.

திங்கட்கிழமை மேயர் தெரிவு இரகசிய வாக்கெடுப்பில் நடந்தது. 61க்கு 54, திசைகாட்டியின் விராய் கெலி பல்தசார் வென்றார். ஆக 48 பேரை வைத்திருந்தவர்களுக்கு 61 விழுந்திருக்கிறது. அந்தப் பதின்மூன்று பேரும் யார் என்பதைச் சாதாரணமாக நாங்கள் மூன்று ஞாயிறுக்குக் கதைத்திருப்போம். அன்றைக்கு வார்டு வாசலில் நின்றபடி வாத்தியார் போனில் பார்த்துச் சொன்னான், நான் "ம்" என்றேன், அவ்வளவுதான்.

ஜூலை முதல் வாரம் வங்கிக்காரன் திரும்பக் கட்டுக்கு வந்தான். ஆறு கிலோ மெலிந்து, முழுக்கைச் சட்டை போட்டு, நுளம்புக்குக் காலில் எதையோ பூசிக்கொண்டு. வந்ததும் மாகாண சபைத் தேர்தல் கதையைத் தொடங்கினான். மேல் மாகாணத்துக்குக் கடைசியாகத் தேர்தல் வைத்தது 2014இல், வடக்குக்கு 2013இல், திசைகாட்டிக்காரர்களும் வைக்கமாட்டார்கள் என்பது அவன் வாதம். வைப்பார்கள் என்று வாத்தியார் பாய்ந்தான். நான் வாயைத் திறக்கவில்லை.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவன் என் பக்கம் திரும்பினான். "என்னடா பேசாமல் இருக்கிறாய், முழங்கால் நோகுதோ? மாத்திரை மிச்சம் இருக்குத்தானே, போடன்."

பார்மசிக்காரன்தான் முதலில் சிரித்தான். எனக்குச் சிரிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.