மூன்று மரக்குழிகள்

கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையைச் சுற்றி 11 வருஷமாக ஜேசிபி ஓட்டுகிறேன். கிணற்றில் தூர் எடுப்பது, மனைக்கு மேடு தட்டுவது, ஏரிக்கரை வேலை, எல்லாம் உண்டு. மணிக்கணக்கில் வாடகை என்பதால் சீக்கிரம் முடித்துக் கொடுப்பவன்தான் நல்ல டிரைவர் என்று பேர். எனக்கு அந்தப் பேர் உண்டு. அதனால் வந்த வினை இது.

2023 கோடையில் எங்கள் ஊர் ஏரிக்கரையில் வேலிக்காத்தான், அதாவது சீமைக்கருவேலம், பிடுங்கும் வேலை வந்தது. கரையின் வெளிச்சரிவில் மட்டும் மூன்று பெரிய மரங்கள். அடியோடு பெயர்த்தேன். ஒவ்வொன்றும் ஆள் இறங்கி நிற்கிற குழி. பக்கத்து மண்ணை வழித்துப் போட்டு, பக்கெட்டால் நாலு தட்டு தட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். பார்க்கச் சமமாக இருந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை.

2024 டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை. பெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறி வந்து எங்கள் தலைக்கு மேல் நின்றுகொண்டது. மறுநாள் காலை கணக்கில் ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழை. வருஷம் முழுக்கவே எங்கள் மாவட்டத்துக்குச் சுமார் 85 செ.மீ.தான். பேருந்து நிலையத்துப் பக்கம் வண்டிகள் மிதந்து போன வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எங்கள் ஏரியை யாரும் வீடியோ எடுக்கவில்லை.

ராத்திரி 11 மணிக்குப் பெரியப்பா போன் செய்தார். ஒரு காலத்தில் மதகு திறந்து மூடியவர் அவர்தான். "வண்டிய எடுத்துட்டு வாடா. கரை மேல ஏத்தாத, கீழ வயல் ஓரமா வா."

ஏன் மேலே ஏற்றக் கூடாது என்று அப்போது கேட்கவில்லை. ஊறிப்போன மண் மேல் ஏழெட்டு டன் வண்டி அதிர்ந்துகொண்டு போனால் சரிவு பிடுங்கிக்கொண்டு இறங்கும். இவ்வளவு வருஷம் வண்டி ஓட்டியவனுக்கு அது தோன்றியிருக்க வேண்டும்.

கரையின் அடியில், நான் பிடுங்கிய நடு மரத்தின் இடத்தில், மண்ணிலிருந்து தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது. உள்ளங்கை அகலம்தான். நான் ஒரு பக்கெட் களிமண்ணை அள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். பெரியப்பா வண்டிக்கு முன்னாலேயே வந்து நின்றுகொண்டார்.

"கொட்டாதடா. இங்க அடைச்சா வேற பக்கம் வெடிக்கும். மொதல்ல தண்ணி என்ன நெறம்னு பாரு."

கேபினில் டீ கிளாஸ் கிடந்தது. அதில் பிடித்து, பின்னால் செல்போன் டார்ச்சை அடித்தோம். செம்மண் கலங்கல். கொஞ்ச நேரம் அசையாமல் வைத்திருந்தால் அடியில் விரல் தடிமனுக்கு வண்டல். மண்கரை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும். தெளிவாகக் கசிந்தால் கண் வைத்திருந்தால் போதும். கலங்கலாக வந்தால் கரை தன் வயிற்றையே கரைத்து வெளியே அனுப்புகிறது என்று அர்த்தம். உள்ளே எலி வளை மாதிரி ஓட்டை நீண்டுகொண்டே போகும். ஏரிப் பக்கம் வரை எட்டிவிட்டால் அப்புறம் மணிக்கணக்கெல்லாம் கிடையாது.

அதைச் சுற்றி மணல் மூட்டைகளை வட்டமாக அடுக்கி, இடுப்பளவுக்குக் கிணறு மாதிரி கட்டினோம். ஒரு வீட்டு வேலைக்குக் கொட்டியிருந்த எம்-சாண்ட், முக்கால் ஜல்லி இரண்டையும் கேட்காமலே அள்ளி வந்தேன் (பிற்பாடு காசு கொடுத்தேன்). முதலில் மணல், மேலே ஜல்லி. தண்ணீர் போகட்டும், மண் போகக் கூடாது. அவ்வளவுதான் சூட்சுமம். வட்டத்துக்குள் தண்ணீர் ஏற ஏற, உள்ளிருந்து வரும் வேகமும் குறையும்.

இன்னொரு பக்கம் கோடியில் நாலு பேர் அரிவாளோடு நின்றார்கள். ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து வெளியேறும் இடத்தைத்தான் எங்கள் பக்கம் கோடி என்போம். மீன் குத்தகை எடுத்தவர் மீன் ஓடிவிடாமல் மூங்கில் அடித்து வலை கட்டியிருந்தார். அதில் செத்தை எல்லாம் வந்து அடைத்து, கோடியே ஒரு சாண் உயர்ந்த மாதிரி. மண்கரை மேல் தண்ணீர் வழிந்தால் கதை முடிந்தது. வழியாமல் காப்பது கோடி ஒன்றுதான். வலையை அறுத்ததும் எழுந்த சத்தம் கரையடியில் நின்ற எங்களுக்கே கேட்டது.

நாலு மணி வாக்கில் கிளாஸில் தண்ணீர் தெளிந்தது.

2017-ல் கிருஷ்ணகிரி அணையின் முதல் மதகு உடைந்தபோது அதிகாரிகள், டிவிக்காரர்கள் எல்லோரும் போனார்கள். போக வேண்டியதுதான். 2021-ல் வந்த அணைப் பாதுகாப்புச் சட்டமும் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கும், சில நிபந்தனைகளோடு 10 மீட்டருக்கு மேற்பட்டவற்றுக்கும்தான். எங்கள் கரை 15 அடி. கீழே இருக்கும் வீடுகளுக்கு அடியும் மீட்டரும் ஒன்றுதான்.

மார்ச்சில் தண்ணீர் இறங்கியதும் மூன்று குழிகளையும் திரும்பத் தோண்டினேன். டீசல் என் செலவு. நடுக்குழியில் என் கை முழங்கை வரை உள்ளே போனது. அறுந்து தங்கிய வேர் மக்கி, பட்டை மட்டும் குழாய் மாதிரி நின்றது. வேரைத் தேடித் தேடி எடுத்தேன். நல்ல மண்ணாகக் கொண்டுவந்து, ஒரு சாண் உயரம் போட்டு, தண்ணீர் தெளித்து, இடித்து, அடுத்த சாண். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலில் தண்ணீர் கசியக் கூடாது. அதுதான் ஈரப் பதம் என்றார் பெரியப்பா. மூன்று குழிக்கு இரண்டு நாள் ஆனது. 2023-ல் இதே மூன்று குழிக்கு அரை மணி நேரம்.

போன வாரம் கோடிப் பக்கம் போனேன். மூங்கிலும் வலையும் திரும்ப வந்திருக்கிறது. குத்தகைக்காரரிடம் கேட்டேன்.

"மழை வந்தா நானே எடுத்துடறேண்ணா. இப்ப எடுத்தா மீனு போயிடும்" என்றார்.


அரிவாளை வண்டியிலேயே வைத்திருக்கிறேன்.