31-ஆம் பின் காப்பாற்றிய போர்டு

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை. அங்கே இருக்கும் சாஃப்ட்ஃப்ளோ என்ற சாயமேற்றும் மெஷினின் கன்ட்ரோலர் போர்டைப் போன மழைக்காலத்தில் என்னிடம் கொண்டுவந்தார்கள். வால்வைத் திறந்து மூடும் 24 வோல்ட் சோலனாய்டு வயர் உரிந்து சிக்னல் வயரில் பட்டிருக்கிறது. டிஸ்ப்ளேயில் ஒன்றும் இல்லை. பட்டறைக்காரர், "புது கன்ட்ரோலருக்கு மாத்துனா வயரிங் மொத்தமும் மாத்தோணும் தம்பி. ஒரு வாரம் பாருங்க"ன்னு சொல்லிவிட்டுப் போனார். பருத்தித் துணியை 60 டிகிரியில் நிறுத்திச் சாயம் ஏற்றுகிற மெஷின் அது. சூடு தப்பினால் ஷேடு மாறும், லாட்டே போய்விடும்.

5 வோல்ட் சரியாக இருந்தது. ஐசிக்குத் துடிப்புக் கொடுக்கும் கிறிஸ்டல் ஓடியது. 9-ஆம் பின்னில் ரீசெட் ஏறி இறங்கியது. போர்டின் மூளையான 8051 குடும்பத்து மைக்ரோகன்ட்ரோலர் ஐசி உயிரோடு இருந்தால் 30-ஆம் பின்னில் கிறிஸ்டலின் ஆறில் ஒரு பங்கு துடிப்பு வர வேண்டும், 11.0592 மெகாஹெர்ட்ஸ் கிறிஸ்டலுக்கு அது 1.84 மெகாஹெர்ட்ஸ். ஆசிலோஸ்கோப்பில் நேர்கோடுதான் தெரிந்தது. ஐசி செத்துவிட்டது. அதன் முதுகில் 80சி32 என்று இருந்தது. இன்டெல் இந்தக் குடும்பத்தையே 2007-இல் நிறுத்திவிட்டது.

ஐசி தேடக் கிளம்பும் முன் ஒன்றைப் பார்த்துவிட வேண்டும்: புரோகிராம் எங்கே இருக்கிறது? ஐசிக்குள்ளேயே இருந்து, அதையும் பூட்டி வைத்திருந்தால் அதே எண்ணில் நூறு ஐசி கிடைத்தாலும் பயனில்லை. அதைச் சொல்வது 31-ஆம் பின். மல்டிமீட்டரை வைத்தேன், கிரவுண்டோடு பீப் அடித்தது. அப்படியென்றால் ஐசி வெளியிலிருந்துதான் புரோகிராமைப் படிக்கிறது. பக்கத்து சாக்கெட்டில் புரோகிராமைத் தாங்கும் மெமரி ஐசியான 27சி256 ஈப்ராம், புற ஊதா ஒளியால் அழிக்கும் ஜன்னல் மேல் ஒட்டிய ஸ்டிக்கரோடு பத்திரமாக இருந்தது. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அன்று வேறு எதையும் தொடவில்லை. ஈப்ராமைக் கழற்றி புரோகிராமரில் மூன்று முறை படித்து, மூன்றும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிட்டு, இரண்டு இடத்தில் சேமித்தேன். ஈப்ராமில் இருப்பது மின்னேற்றம்தான், வருடங்கள் போகப் போக கசியும். கையில் இருந்த மின்சாரத்தால் அழிக்கக்கூடிய டபிள்யூ27சி512 ஒன்றில் நகல் போட்டேன். அதில் இடம் இரட்டிப்பு. பழைய ஐசியில் 5 வோல்ட்டுக்குப் போகும் முதல் பின் இதில் முகவரிப் பின்னாக இருப்பதால், போர்டு மேல் பாதியைத்தான் படிக்கும். எதற்கு வம்பு என்று இரண்டு பாதியிலும் எழுதிவிட்டேன்.

அப்புறம் 80சி32 தேடினேன். ஒரு வியாபாரியிடமிருந்து ஐந்து வந்தது. அசிட்டோன் நனைத்த பஞ்சால் தேய்த்தால் எழுத்தோடு கறுப்புப் பூச்சும் பஞ்சில் வந்தது, வேறு ஐசிக்கு மேல் பூசி எழுதிய போலி. ஐந்தில் ஒன்றுகூட ஓடவில்லை, இரண்டு கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டது.

பழைய ஸ்கிராப் போர்டு ஒன்றில் அதே குடும்பத்து வேகமான ஐசியான டிஎஸ்80சி320 கிடைத்தது. பின்னுக்குப் பின் பொருந்தும். போட்டதும் டிஸ்ப்ளே எரிந்தது, சீரியல் தொடர்பும் வேலை செய்தது. ஆனால் வெப்பநிலை வர வேண்டிய இடத்தில் நீர்மட்டத்தின் எண் வந்தது! ஒரு நாள் முழுக்க, சென்சார் வோல்டேஜை எண்ணாக மாற்றும் ஏடிசி0809-ஐயும் வயரிங்கையும் சந்தேகப்பட்டேன். கடைசியில் ஈப்ராமில் இருந்த புரோகிராமை வரிவரியாகப் பிரித்துப் படித்தபோதுதான் புரிந்தது. ஏடிசிக்கு அளந்து முடிக்க 100 மைக்ரோநொடி வேண்டும். புரோகிராம் எழுதியவர் முடிந்ததா என்று கேட்காமல், ஒரு வெற்றுச் சுற்றை ஓடவிட்டுச் சுமார் 120 மைக்ரோநொடி காத்திருக்கிறார். டிஎஸ் ஐசி அதே சுற்றைப் பாதி நேரத்தில் முடித்துவிடுகிறது. அளவு முடியும் முன்னே படித்தால் முந்தைய சேனலின் எண்தான் வரும். டைமர் மட்டும் பழைய வேகத்திலேயே ஓடும்படி அந்த ஐசியை வடிவமைத்திருப்பதால் சீரியல் தப்பவில்லை; அதுதான் என்னைத் திசைதிருப்பியது.

ஒரு மெஷின் சுற்றுக்குக் கிறிஸ்டலின் 12 துடிப்பு என்ற பழைய கணக்கிலேயே ஓடும் ஐசி வேண்டும் என்று ஆனபின் தேர்வு சுலபம். ஏடி89எஸ்52. உள்ளே 8 கேபி ஃபிளாஷ் உண்டு, ஆனால் 31-ஆம் பின் கிரவுண்டில் இருந்தால் அதைத் திரும்பிப் பார்க்காமல் வெளி ஈப்ராமிலிருந்தே ஓடும். காலியான ஐசியை அப்படியே சாக்கெட்டில் செருகினேன், 1.84 மெகாஹெர்ட்ஸ் வந்தது. பிடி100 வெப்பநிலை சென்சாருக்குப் பதிலாக ரெசிஸ்டன்ஸ் பாக்ஸில், 60 டிகிரியில் அது காட்டும் 123.24 ஓம் வைத்தேன், டிஸ்ப்ளேயில் 60.0 வந்து நின்றது. சிக்னல் வயர்கள் போர்டுக்குள் வரும் இடத்தில் ஒளி வழியாக மட்டும் சிக்னலைக் கடத்தும் ஆப்டோகப்ளர்களும் சேர்த்தேன்.

முதல் லாட் நேவி ப்ளூ. பட்டறைக்காரர் பழைய சாம்பிளோடு வெயிலில் வைத்துப் பார்த்துவிட்டு, "சேந்திருச்சுங்க" என்றார். கன்ட்ரோலர் மூடியின் உள்பக்கம் ஒரு கவரில் இரண்டு ஏடி89எஸ்52-ஐயும் இன்னொரு ஈப்ராம் நகலையும் போட்டு, 31-ஆம் பின் கிரவுண்டில் இருப்பதை மேலே எழுதி ஒட்டிவிட்டு வந்தேன்.