பாதி வரும்னு நினைச்சா கால்தான் வருது

நேத்து நைட்டு பதினோரு மணிக்கு சித்தி பையன் ஒரு கணக்கை போட்டோ எடுத்து அனுப்பி "அக்கா, எனக்கு பாதி வருது, புக்ல கால்னு போட்டிருக்கான், ஆன்சர் கீ தப்பா?"ன்னு கேட்டான். கீ தப்பெல்லாம் இல்லடா, உட்காருன்னேன்.

கணக்கு இதுதான். ஒரு கோளம், ரேடியஸ் கேபிடல் ஆர். உள்ள முழுக்க மின் சார்ஜ் இருக்கு, ஆனா ஒரே சீரா இல்ல. டென்சிட்டியை, அதாவது ஒரு கன மீட்டருக்கு எவ்ளோ சார்ஜ்ங்கிறதை, ரோன்னு வெச்சுக்கோங்க. நட்டநடுவுல அது ரோ நாட், வெளிய வர வர நேர்கோடா குறைஞ்சு ஓரத்துல ஜீரோ. அதாவது ரோ = ரோ நாட் × (1 − ஆர் / கேபிடல் ஆர்), இதுல சும்மா ஆர்னா நடுவுல இருந்து இருக்கிற தூரம். மொத்த சார்ஜ் எவ்ளோ?

அவன் என்ன பண்ணிருக்கான்னா, நடுவுல ரோ நாட் ஓரத்துல ஜீரோ, அப்போ சராசரி ரோ நாட்ல பாதி, அதை வால்யூமால பெருக்கிட்டான். கேக்க நல்லாத்தான் இருக்கு. நான் காலேஜ்ல பண்ணது இதை விட கேவலம், ரோவோட ஃபார்முலாவை அப்படியே 4/3 பை ஆர் கியூபால பெருக்கி, ஆருக்கு பதிலா கேபிடல் ஆர் போட்டு, மொத்த சார்ஜ் ஜீரோன்னு எழுதி அடில ரெண்டு கோடு வேற போட்டேன். திருத்துனவர் பக்கத்துல ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டு விட்டுட்டாரு.

இதே ஒரு நேர் கம்பியா இருந்தா அவன் சொன்ன பாதி சரி. கோளத்துல ஏன் தப்புன்னா நடுவுல இடமே இல்ல. ரேடியஸ்ல பாதி தூரம் வரைக்கும் ஒரு குட்டி கோளம் வரைஞ்சு பாருங்க, அதோட வால்யூம் மொத்தத்துல எட்டுல ஒரு பங்குதான். மிச்சம் ஏழு பங்கு இடம் வெளிய கிடக்கு, அங்கதான் டென்சிட்டி பாதிக்கும் கீழ. சார்ஜ் அடர்த்தியா இருக்கிற எடத்துல இடம் இல்ல, இடம் இருக்கிற எடத்துல அடர்த்தி இல்ல.

அதனால கோளத்தை மெல்லிசு மெல்லிசா தோல் தோலா உரிச்சு எண்ணணும். ஆர் தூரத்துல இருக்கிற ஒரு தோலை எடுத்துக்கோங்க, தடிமன் டிஆர். பந்து மேல பெயின்ட் அடிச்சா எவ்ளோ பெயின்ட் ஆகும், மேற்பரப்பு இன்டு தடிமன், அவ்ளோதான், அதனால தோலோட வால்யூம் 4 பை ஆர் ஸ்கொயர் டிஆர். அந்த ஒரு தோலுக்குள்ள டென்சிட்டி மாறாது, எல்லா எடமும் நடுவுல இருந்து ஒரே தூரம்தானே. தைரியமா பெருக்கலாம். அப்புறம் ஜீரோல இருந்து கேபிடல் ஆர் வரைக்கும் இன்டகிரேட், அதாவது எல்லா தோலையும் கூட்டணும். ஆர் ஸ்கொயர்ல இருந்து கேபிடல் ஆர் கியூப் / 3 வரும், கழிக்கிற டெர்ம்ல இருந்து கேபிடல் ஆர் கியூப் / 4 வரும், 1/3ல 1/4 போனா 1/12, முன்னாடி இருக்கிற 4 பையால பெருக்குனா மொத்த சார்ஜ் = பை × ரோ நாட் × கேபிடல் ஆர் கியூப் / 3. முழுக்க ரோ நாட்டாவே இருந்திருந்தா 4/3 பை ரோ நாட் கேபிடல் ஆர் கியூப் வந்திருக்கும், அதுல கரெக்டா கால் பங்கு.

நம்பர் போட்டா இன்னும் மனசுல நிக்கும். ரேடியஸ் 10 செ.மீ., ரோ நாட் ஒரு கன மீட்டருக்கு 3 மைக்ரோ கூலும்னா மொத்தம் சுமார் 3.14 நானோ கூலும். செ.மீ.யை மீட்டரா மாத்தாம கியூப் பண்ணீங்கன்னா பத்து லட்சம் மடங்கு போயிடும், ஜாக்கிரதை.

இதுல எனக்கு ரொம்ப பிடிச்சது, எந்தத் தோல்ல சார்ஜ் அதிகம்னு பாத்தா அது நடுவுல இல்ல, ரேடியஸ்ல மூணுல ரெண்டு பங்கு தூரத்துல. ஹைட்ரஜன் அணுலயும் இதே கூத்துதான். தரை நிலைல (ஆற்றல் ரொம்பக் குறைஞ்ச நிலை) எலக்ட்ரானோட டென்சிட்டி நியூக்ளியஸ்கிட்டதான் உச்சம், ஆனா தோல் தோலா எண்ணுனா உச்சம் 0.529 ஆங்ஸ்ட்ராம்ல, அதான் போர் ரேடியஸ். அந்த ஆர் ஸ்கொயர் பண்ற வேலை.

அதே மாதிரி ரோ = ஏ / ஆர்னு (ஏ ஒரு மாறாத எண்) குடுத்தா நடுவுல டென்சிட்டி இன்ஃபினிட்டி ஆகுதேன்னு பயப்பட வேணாம், ஆர் ஸ்கொயர் அதை அமுக்கிடும், மொத்தம் 2 பை ஏ கேபிடல் ஆர் ஸ்கொயர்னு சமத்தா வரும். 1 / ஆர் கியூப் குடுத்தாதான் நிஜமாவே வெடிக்கும்.

இவ்ளோத்தையும் டைப் பண்ணி அனுப்புனா ஒரே ஒரு தம்ஸ்அப். அஞ்சு நிமிஷம் கழிச்சு இன்னொரு போட்டோ, அதுல ரோ = ரோ நாட் × காஸ் தீட்டா, தீட்டான்னா நேர் மேல இருந்து அளக்குற கோணம். இப்போ ஒரே தோலுக்குள்ளயே டென்சிட்டி மாறுது, 4 பை ஆர் ஸ்கொயர் வேலைக்கு ஆகாது, சைன் தீட்டா எல்லாம் போட்டு மூணு இன்டகிரலும் பண்ணணும். இல்லன்னா சும்மா படத்தைப் பாத்தாலே போதும், மேல் பாதி பிளஸ், கீழ் பாதி அதே அளவு மைனஸ். ஜீரோன்னு எழுதி ரெண்டு கோடு போடுடான்னு சொல்லிட்டு தூங்கப் போயிட்டேன்.